தலைகீழாய் அமைந்த குண்டு
என்பீல்டு தோட்டாவும் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும்

"பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள், சிப்பாய்கள் வெகுண்டெழுந்தார்கள்." 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்தி பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் அத்தோட்டா எவ்வாறு செய்யப்பட்டது, கொழுப்பு எந்த முனையில் இருந்தது, பல் பட்டது எந்த முனையில் என்னும் வினாக்களைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. அவற்றுக்கு விடை கண்டால், அந்தப் பெருநிகழ்ச்சியின் தன்மை மேலும் தெளிவாகும்.

என்பீல்டு துப்பாக்கி 1853-ஆம் ஆண்டு அமைப்பைச் சேர்ந்தது. அதன் குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். பழைய துப்பாக்கியின் குழல் வழுவழுப்பானது. நூறு கெஜத்துக்கு அப்பால் அதன் குறியை நம்ப முடியாது. என்பீல்டின் குழலுக்குள்ளோ திருகுபோல் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்று செல்வதால் பல நூறு கெஜம் வரை குறி தவறாது. குழலின் வாய்வழியாகவே குண்டை இறக்க வேண்டியிருந்ததால், குழலைவிடச் சற்றுச் சிறிய ஈயக்குண்டு பயன்பட்டது. அதன் அடிப்பகுதி குழிவானது. மருந்து வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து வரிப்பள்ளங்களைக் கவ்வும்.

இனித் தோட்டாவைக் காண்போம். அது தாளால் சுற்றிய ஒரு சிறு குழாய். ஒரு பகுதியில் இரண்டரைத் திராம் கருமருந்து; மறு பகுதியில் 530 கிரெயின், அதாவது ஏறத்தாழ 34 கிராம் கொண்ட குண்டு. இங்கேதான் புதுமை உள்ளது. குண்டின் கூர்முனை வெளியே நோக்கியிருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். என்பீல்டு தோட்டாவில் குண்டு தலைகீழாய் வைக்கப்பட்டிருந்தது. கூர்முனை மருந்தை நோக்கியும், குழிந்த அடி வெளிமுனையை நோக்கியும் இருந்தன.

காரணம் எளியது. சிப்பாய் மருந்துப் பக்கத்து முறுக்கிய முனையைக் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலுக்குள் கொட்டுவான். பிறகு தோட்டாவைத் திருப்பி, குண்டு இருக்கும் முனையைத் தாளோடு குழல்வாயில் செருகுவான். மிஞ்சிய தாளை முறித்தெறிந்து, கோலால் இடித்து இறக்குவான். திருப்பிச் செருகும்போது குண்டின் அடி முன்னதாக இறங்க, கூர்முனை சரியாக மேல்நோக்கி நிற்கும். குண்டைச் சுற்றிய தாள் வழுக்கி இறங்கவே அப்பகுதிக்கு வெளியே கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவினர்.

ஆகவே கடிபட்டது மருந்து முனை. கொழுப்பு இருந்தது குண்டு முனை. இதனைக் கொண்டு, சிப்பாய்களின் அச்சம் வெறும் மூடநம்பிக்கை என்று முடிவு கட்டலாமா? கூடாது. கொழுப்பு வெப்ப நாட்டில் உருகித் தாளெங்கும் ஊறும். கையில் பட்டது வாயிலும் படும். அதனினும் முக்கியம், அக்கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதை அதிகாரிகள் கவனித்து வரையறை செய்யவில்லை. ஐயம் பிறக்க இடம் கொடுத்தது அரசாங்கமே.

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இவ்வதந்தி எழுந்தது. அம்மாத இறுதிக்குள், சிப்பாய்கள் தாம் விரும்பும் பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என அரசு இணங்கியது. பின்னர், பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கும்படி பயிற்சி முறையும் மாற்றப்பட்டது. ஆயினும் மாற்றமே ஐயத்தை வளர்த்தது. "குற்றமில்லையெனில் ஏன் மாற்றுகிறார்கள்?" என்று எண்ணத் தோன்றுமன்றோ! மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தினார். ஏப்ரல் 8-இல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் 90 குதிரைப்படையினருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டது புதிய என்பீல்டு தோட்டா அன்று, பழைய வகையே. மே 9-இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் மீரட் எரிந்தது.

தமிழர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. 1806 ஜூலை 10-இல் வேலூரில் எழுந்த கிளர்ச்சிக்கும் புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி பற்றிய தடைகளும் உடனடிக் காரணமாயின. அரை நூற்றாண்டு கழிந்தும் அப்பாடம் கற்கப்படவில்லை. 1857-இல் மதராஸ் படை பெரும்பாலும் அமைதியாய் இருந்தது; எனினும் அதன் 8-ஆம் குதிரைப்படை வங்காளம் செல்ல மறுத்துக் கலைக்கப்பட்டது. மதராஸ் பியூசிலியர் என்னும் ஐரோப்பியப் படையோ என்பீல்டுகளோடு வடக்கே சென்றது. அதன் தலைவன் நீலின் கொடுமையை மறவாதவர்கள் 1927-இல் சென்னையில் அவன் சிலையை அகற்றக் கோரி அறப்போர் நடத்தினர். 1937-இல் சிலை பொருட்காட்சிச் சாலைக்குப் போயிற்று.

மலாயாவுக்கும் தொடர்பு உண்டு. அந்நாளில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. மதராஸ் காலாட்படையினரே அங்குக் காவல் புரிந்தனர். 1857-இல் சிங்கப்பூர் ஐரோப்பிய வணிகர் இந்தியாவிலிருந்து பிரிக்க வேண்டி விண்ணப்பித்தனர். அப்பிரிவு 1867-இல் நிறைவேறியது.

தோட்டாவின் கதை பின்னும் தொடர்ந்தது. உலோகக் கூடு வந்தபின் கடிக்கும் வேலை ஒழிந்தது. குறிபார்த்துச் சுடும் போட்டியாளர் சிலர் குண்டைக் கூட்டில் பதிக்காமல், முன்னதாகவே குழலின் வரிப்பள்ளத்தில் அமர்த்தி, குறைந்த மருந்துள்ள கூட்டை அதன்பின் செருகினர். தட்டைமுனைக் குண்டைக் கூட்டின் விளிம்போடு விளிம்பாக அழுத்தி வைக்கும் முறையும் தோன்றியது. குண்டை வைக்கும் முறை விளையாட்டில் ஒரு நுட்பம். அரசியலில் அதுவே தீப்பொறி.

தோட்டா கிளர்ச்சியைப் படைக்கவில்லை. நிலவரிச் சுமை, அயோத்தி அரசின் பறிப்பு, படிக்குறைப்பு ஆகியவை முன்பே மருந்தைக் கொட்டி வைத்திருந்தன. வகுப்பில் ஆசிரியர் ஒரு தாளைச் சுற்றி, ஒருமுனையில் மணலும் மறுமுனையில் மண்ணுருண்டையும் இட்டு, எது எந்தப்பக்கம் என்று காட்டினால் போதும். கடித்தது எம்முனை, கொழுப்பு எம்முனை என்று மாணவனே காண்பான். அதன்பின், "அப்படியானால் ஏன் எழுந்தார்கள்?" என்று அவன் கேட்பான். வரலாற்றுப் பாடம் தொடங்குவது அந்த வினாவிலேதான்.