வெயிலும் சட்டமும் வடித்த தோட்டா: .450 தடை முதல் .338 லபுவா வரை

துப்பாக்கித் தோட்டா நான்கு பகுதிகளால் ஆனது. அவை பித்தளை உறை, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உறைக்குள் இருக்கும் உந்துமருந்து, முனையில் செருகிய குண்டு ஆகியவை. தொழிற்சாலையில் உருவான ஓர் உறையின் கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, தோளின் சரிவை மாற்றியோ, வேறு விட்டமுள்ள குண்டைப் பொருத்தித் தனியொருவர் உருவாக்கும் புதிய தோட்டா ‘வைல்டுகேட்’ எனப்படுகிறது. காட்டுப்பூனை என்பது இச்சொல்லின் பொருள். எந்த நிறுவனமும் இதை விற்பதில்லை. தர அமைப்புகளின் பட்டியலிலும் இது இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவில் இம்முயற்சிகள் பெருமளவில் நடந்தன. அவற்றுள் சில பின்னர் தொழிற்சாலைத் தோட்டாக்களாகவும் ஆயின. .250-3000 சாவேஜ் உறையின் கழுத்தைச் சுருக்கிச் சுடுநர்கள் உருவாக்கிய .22-250 தோட்டாவை ரெமிங்டன் நிறுவனம் 1965இல் தன் பெயரில் வெளியிட்டது.

இந்தியாவில் இத்தகைய தனிமுயற்சி வேரூன்றவில்லை. ஆயினும் தோட்டா வடிவமைப்பின் வரலாற்றில் இந்தியாவுக்கு முக்கியமான இடம் உண்டு. இந்நாட்டின் வெயிலும் காலனிய அரசின் சட்டமும் இங்கிலாந்தின் துப்பாக்கி நிறுவனங்களைப் புதிய தோட்டாக்களை வடிவமைக்கும்படி செய்தன.

கார்டைட்டும் வெப்பமும்

1889இல் பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டீவர் ஆகிய வேதியியலாளர்கள் கார்டைட் என்னும் புகையில்லா உந்துமருந்தை உருவாக்கினர். நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 விழுக்காடு என்பது அதன் முதல் கலவை. பார்ப்பதற்குச் சேமியா போன்ற இழைகளாக இருந்ததால், கயிறு என்னும் பொருள்தரும் ‘கார்டு’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைந்தது.

இந்தியாவில் இருந்த படைக்கு இம்மருந்தை இங்கேயே தயாரிக்க, நீலகிரி மலையில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1904இல் ஒரு தொழிற்சாலை செயல்படத் தொடங்கியது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை என்று இன்றும் அழைக்கப்படும் இந்நிறுவனம், 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

கார்டைட்டுக்கு ஒரு குறை இருந்தது. சுற்றுப்புற வெப்பம் ஏறினால் அது எரியும் வேகமும் உறைக்குள் எழும் அழுத்தமும் ஏறின. இங்கிலாந்தின் குளிரில் சரியாகச் சுட்ட தோட்டா, இந்தியக் கோடையில் அளவுமீறிய அழுத்தம் தந்தது. அழுத்தம் மிகுந்தால் பித்தளை உறை விரிந்து குழலின் அறைச் சுவரில் இறுகிவிடும். பிறகு அதை வெளியே இழுப்பது கடினம். காயம்பட்ட புலியோ யானையோ எதிரே பாய்ந்து வரும் நேரத்தில் உறை சிக்கிக்கொண்டால் வேட்டைக்காரர் உயிர் பிழைப்பது அரிது. இதனால் வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்கள் தனியே விற்கப்பட்டன.

.450 தடை

லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் 1898இல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அறிமுகம் செய்தது. 480 கிரெயின் (31 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்திய இத்தோட்டா, பெருவிலங்கு வேட்டைக்கான அளவுகோலாக விளங்கியது.

ஆனால் .450 என்பது பிரிட்டிஷ் படை முன்பு பயன்படுத்திய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் விட்டமும் ஆகும். அத்துப்பாக்கிகள் பல அரசை எதிர்த்தவர்களின் கைகளில் இருந்தன. வேட்டைக்காரர்களுக்காக வரும் குண்டுகள் அவர்களைச் சென்றடையும் என்று அரசு அஞ்சியது. எனவே இந்தியாவிலும் சூடானிலும் .450 விட்டத் தோட்டாக்களுக்கு 1907இல் தடை விதிக்கப்பட்டது.

பெரிய சந்தையை இழக்க விரும்பாத நிறுவனங்கள் தடைசெய்யப்பட்ட விட்டத்தைச் சற்றே மாற்றின. ஹாலண்டு அண்ட் ஹாலண்டு நிறுவனம் .500 உறையின் கழுத்தைச் சுருக்கி .465 குண்டைப் பொருத்தியது. .500/465 என்ற பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. அதன் குண்டின் எடையும் வேகமும் .450க்கு உரியவையே. ஜோசப் லாங் வடிவமைத்த .470, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476 ஆகியவையும் இதே காரணத்தால் பரவின. இவை தொழிற்சாலைத் தோட்டாக்கள், வைல்டுகேட் அல்ல. ஆயினும் .500/465இல் கையாளப்பட்ட முறை வைல்டுகேட் முறையேதான்.

பொதுமக்களுக்கான .315

படைகள் பயன்படுத்திய .303 தோட்டாவும் இந்தியப் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக ஆஸ்திரிய மான்லிக்கர் துப்பாக்கியின் 8×50 மில்லிமீட்டர் தோட்டா இங்கே .315 என்ற பெயரில் நிலைபெற்றது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த இத்தோட்டா, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை தயாரிக்கும் .315 துப்பாக்கியின் வழியே இந்தியாவில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அந்நியர் ஆட்சி நீங்கிய பிறகும் அதன் சட்டம் விட்டுச்சென்ற ஓர் அளவு இது.

.416 ரிக்பி

1911இல் ரிக்பி நிறுவனம் வெப்பச் சிக்கலுக்கு வேறொரு தீர்வைக் கண்டது. மருந்தைக் குறைப்பதற்குப் பதிலாக உறையைப் பெரிதாக்கியது. .416 ரிக்பியின் உறை 2.9 அங்குலம் (சுமார் 74 மில்லிமீட்டர்) நீளமும் அகன்ற வயிறும் கொண்டது. உள்ளே இடம் மிகுந்திருந்ததால் அழுத்தம் தாழ்ந்தே இருந்தது. கடும் வெயிலிலும் உறை சிக்காமல் வெளிவந்தது. இதற்கு இன்று வகுக்கப்பட்டுள்ள அழுத்த வரம்பு 325 மெகாபாஸ்கல் மட்டுமே.

.338 லபுவா மேக்னம்

தொலைதூரச் சுடுதலின் தேவை வேறு. குண்டு நீண்டு மெலிந்து இருந்தால் காற்றின் தடை குறையும். வேகம் நெடுந்தொலைவு தாங்கும். பக்கக் காற்றில் விலகுவதும் குறையும். அத்தகைய கனமான குண்டை விரைவாகச் செலுத்த நிறைய மருந்து கொள்ளும் உறை வேண்டும்.

1983இல் அமெரிக்காவின் ரிசர்ச் ஆர்மமென்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 250 கிரெயின் (16.2 கிராம்) குண்டை நொடிக்கு 3,000 அடி வேகத்தில் செலுத்த முனைந்தது. அதற்காக .416 ரிக்பி உறையைத் தேர்ந்து, அதன் கழுத்தை .338 அளவுக்குச் சுருக்கியது. இது வைல்டுகேட் முறையில் பிறந்த தோட்டா எனலாம். முதல் முயற்சி தோற்றது. வெயிலுக்காகத் தாழ்ந்த அழுத்தத்தில் வடிவமைத்த உறை, புதிய அழுத்தத்தைத் தாங்கவில்லை.

பின்லாந்தின் லபுவா நிறுவனம் உறையின் அடிப்பகுதியை வலுப்படுத்தி மறுவடிவமைத்தது. 1989இல் பன்னாட்டுத் தர அமைப்பில் பதிவான இத்தோட்டாவின் அழுத்த வரம்பு 420 மெகாபாஸ்கல். 2009இல் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படைவீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டர் தொலைவு சுட்டது இத்தோட்டாவால்தான்.

கழுத்தைச் சுருக்குவது எளிதாகத் தோன்றினாலும், பெரும் நிறுவனங்களுக்கே ஆண்டுகள் பிடித்த வேலை அது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. உறையின் வலிமை, அழுத்தம், அறையின் அளவு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தும்.

இந்தியாவில் இன்று

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. எனவே தொலைதூரத் துப்பாக்கிகளின் ஆய்வு இங்கு அரசுத் தொழிற்சாலைகளிலும் உரிமம் பெற்ற நிறுவனங்களிலும் நடக்கிறது. திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான ‘வித்வன்சக்’ அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் ஆகிய மூன்று விட்டங்களுக்கும் குழலை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு.

தோட்டாவின் அளவுகளைச் சுடுபவரின் விருப்பம் மட்டுமே முடிவு செய்வதில்லை. .470 தோட்டா ஓர் அரசின் அச்சத்தால் பரவியது; .416 ரிக்பி வெப்ப நாட்டு வெயிலை மனத்தில் கொண்டு பிறந்தது. .338 லபுவாவின் அகன்ற உறையில் அந்த வெயிலின் தடம் இன்றும் இருக்கிறது.