மொரப்பூர் ரயிலும் அரூர் ஞாபகமும்

வளர்ந்த ஊரைப் பற்றிய ஏக்கம் தமிழ் எழுத்தில் பெரும்பாலும் சென்னைப் புறநகர்க்காரர்களின் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது. மாம்பலத்தில் பிள்ளைப்பிராயத்தைக் கழித்தவர்கள் எழுதுகிறபோது பனகல் பார்க், மின்சார ரயில், காலி மனைகளில் கிரிக்கெட், மழைக்காலத் தவளைச் சத்தம் எல்லாம் தவறாமல் வந்துவிடுகின்றன. அத்தனை தவளைகள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து, அதன் படுகையில் மனை பிரித்து, ஜஸ்டிஸ் கட்சியின் பிட்டி தியாகராய செட்டியார் பெயரைச் சூட்டி உண்டாக்கிய பேட்டை அது. 1931ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்த பிறகு குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள்தாம் பின்னால் ஞாபகங்களை எழுதினார்கள். ஏரியில் மீன் பிடித்தவனும் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவனும் எழுதவில்லை.

இந்த மனநிலைக்கு நம் மொழியில் ‘நனவிடை தோய்தல்’ என்று ஓர் அழகான தொடர் இருக்கிறது, எஸ்.பொ. தம் யாழ்ப்பாணத்து இளமை பற்றிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். ‘நாஸ்டால்ஜியா’ என்கிற ஐரோப்பியச் சொல்லின் ஜாதகம் இத்தனை சௌக்கியமானதல்ல. 1688ல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற வைத்திய மாணவர், ஊரைப் பிரிந்த ஸ்விஸ்காரர்களைப் பீடித்த ஒரு வியாதிக்குப் பெயராக அதை உண்டாக்கினார். வியாதி என்றால் அதற்குக் காரணமும் அடையாளங்களும் உண்டு, பரிசோதிக்கலாம். நம் விமர்சனம் இதைச் செய்ததில்லை. ஊர் ஞாபகம் என்றால் உடனே ‘மண் வாசனை’ என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

அசோகமித்திரன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 1977ல் வந்த ‘18வது அட்சக்கோடு’ ஒரு வகையில் புறநகர் இளமையின் கதைதான். செகந்தராபாத் லான்ஸர் பாரக்ஸ் ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட், சைக்கிள், பசுமாடு, கல்லூரி என்று அது பாட்டுக்குப் போகிறது. ஆனால் 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைகிறது. முடிவில் சந்திரசேகரன் ஒரு சுவரேறிக் குதித்து அந்நியர் வீட்டுக்குள் விழுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே கொடுக்க முன்வரும் ஒரு பெண்ணின் எதிரில் நிற்க மாட்டாமல் ஓடுகிறான். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு முன்னால் வந்த கிரிக்கெட் ஆட்டங்கள் பழைய கிரிக்கெட்டாக இருப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு வீடு இருந்தது என்பது தெரிந்துபோய்விடுகிறது.

என் ஊர் அரூர். அது எந்த நகரத்துக்கும் புறநகர் அல்ல. வேண்டுமானால் மொரப்பூர் ரயில் ஸ்டேஷனின் புறநகர் என்று சொல்லலாம். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற பாதை 1860களிலேயே எங்களைத் தொடாமல் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆகவே எங்கள் பெரியவர்களின் ஞாபகங்கள் எல்லாம் மொரப்பூருக்குப் போகிற மாட்டு வண்டியில்தான் தொடங்குகின்றன.

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வருஷா வருஷம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருவார். விரல்ரேகை தேய்ந்துவிட்டதால் இயந்திரம் அவரை லேசில் ஒப்புக்கொள்ளாது. அந்த இடைவேளைகளில் அரூரைப் பற்றிப் பேசுவார். சேலம் ஜில்லாவாக இருந்த காலம் – தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2ல் – டூரிங் டாக்கீஸ், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூத்து, தீர்த்தமலையில் மாசித் தேர். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிரியமானது மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் போன சின்ன ரயில். “அப்பா மடியில உக்காந்து போனேன் தம்பி. கரி கண்ணுல விழும்னு துண்டால மூடுவாரு.”

அந்த ரயில் உண்மை. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்று 1906ல் இரண்டரை அடி அகலத்தில் போட்டார்கள். 1941ல், யுத்த காலத்தில், அதை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். என் எதிரில் இருந்த காகிதத்தில் ஆசிரியரின் பிறந்த வருஷம் 1940 என்று இருந்தது.

நான் திருத்தவில்லை. பொய் சொல்கிறவர் அல்ல அவர். அப்பா சொன்ன ரயிலில் எண்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு மனிதன் தான் பார்க்காததை இவ்வளவு ஸ்தூலமாக – கரி, துண்டு, மடி – நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், பார்த்ததை மறக்கவும் அதே அளவு முடியும் அல்லவா என்பதுதான் பிறகு என்னைத் தொந்தரவு செய்தது.

அரூர் ஞாபகங்களில் மலை வரும். சித்தேரிப் பக்கத்து மலையாளிகள் – கேரளத்தவர் அல்ல, மலைவாசிகள் – சந்தைக்குத் தேனும் புளியும் கடுக்காயும் சாமையும் கொண்டுவருவார்கள். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் மலையேறிவிடுவார்கள். ஞாபகமும் அத்தோடு திரும்பிவிடும். அவர்களுக்கும் ஓர் ஊர் ஏக்கம் உண்டு என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் நான் கேட்டதே இல்லை. ரிச்சர்ட்ஸின் சேலம் கெஸட்டியர் (1918) போன்ற பழைய பதிவுகளில்தான் படித்தேன். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், மூன்று சகோதரர்கள் மூன்று மலைகளுக்குப் பிரிந்துபோனார்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பதில் பாடபேதம் உண்டு, காஞ்சியில் பேதமில்லை. சரித்திர ஆசிரியர்கள் இதை ஐதீகம் என்று ஒதுக்கலாம். சின்ன ரயிலை ஒதுக்காத நான் இதை ஒதுக்க மாட்டேன்.

அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக்காரர்கள் அந்தக் கிராமத்துக்குள் போனார்கள். மக்களை அடித்தார்கள், வீடுகளை நாசம் செய்தார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். மத்தியப் புலனாய்வுத்துறை விசாரித்து 269 பேர்மேல் வழக்குத் தொடர்ந்தது. தீர்ப்பு 2011 செப்டம்பர் 29ல்தான் வந்தது; அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இவை எல்லோரும் பத்திரிகையில் படித்தவை. அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிடிபட்டவர்களை – பெண்களை, குழந்தைகளையும்கூட – முதலில் கொண்டுவந்து அடைத்து வைத்தது எங்கள் ஊரில், அரூர் வனத்துறை அலுவலகத்தில். சேலம் சிறைக்குக் கொண்டுபோனது அதன் பிறகு. அதாவது மலை அந்த முறை சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்பவில்லை, ஊருக்குள் ராத்தங்கியது.

அப்போது எனக்கு நான்கு வயது. அந்த வருஷத்து ஞாபகமாக என்னிடம் இருப்பது மாமா வாங்கித் தந்த சிவப்புத் தகர பஸ் ஒன்றுதான். அதன் சக்கரம் சிமெண்டுத் திண்ணையில் எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாளைக்கு நான் என் அரூரை எழுத உட்கார்ந்தால் பஸ் முதலில் வரும். அது நன்றாகவும் வரும். வாசகர்களும் தத்தம் தகர பஸ்களை நினைத்துக்கொள்வார்கள். இந்த வகை எழுத்தின்மேல் எனக்கு இருக்கும் அவநம்பிக்கைக்கு என் சொந்த பஸ்ஸைத் தவிர வேறு அத்தாட்சி தேவையில்லை. குழந்தை பார்க்கவில்லை என்பது குற்றமல்ல. எழுதுகிறவனுக்கு வயது நான்கு அல்ல என்பதுதான் விஷயம்.

கடந்த முறை ஆசிரியர் வந்தபோது 1992 ஜூன் பற்றிக் கேட்டேன். அப்போது அவர் அரூரில்தான் வேலையில் இருந்தார்.

“ஜூன்னா பள்ளிக்கூடம் தொறக்கிற சமயம் தம்பி. அட்மிஷன் வேலை தலைக்கு மேல இருக்கும்” என்றார். இயந்திரம் அவர் விரலை இரண்டு தடவை மறுத்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

“அந்த ஆபீஸ் வழியாத்தான் தெனமும் சைக்கிள்ல போவேன்.”

சின்ன ரயிலைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.