காங்லா வாசலில் பன்னிரண்டு அம்மாக்கள்

ஸ்பென்சர் ட்யூனிக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரைப் பற்றி நம்மில் பலர் எங்காவது படித்திருப்போம். ஊருக்கு நடுவே ஆயிரக்கணக்கானவர்களை உடையில்லாமல் நிற்க வைத்துப் படம் எடுப்பவர். (பிள்ளைகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம், இங்கே படம் எதுவும் போடவில்லை.) 1990களில் நியூயார்க் தெருக்களில் எடுக்கப் போய்ப் பல முறை கைதானார். வழக்கு 2000ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. 2003ல் பார்சிலோனாவில் சுமார் 7,000 பேர், 2007ல் மெக்சிகோ நகரச் சதுக்கத்தில் சுமார் 18,000 பேர் என்று கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

வருகிறவர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சம்பளம் கிடையாது, பிறகு படத்தின் ஒரு பிரதி கிடைக்கும். கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் நகராத வங்கித் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு அவர் படங்களைவிட இந்தப் படிவம்தான் மனதில் நின்றது.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. ஆனால் அங்கே கூப்பிட்டது எந்தக் கேமராக்காரரும் இல்லை.

இம்பாலில் காங்லா என்றொரு கோட்டை இருக்கிறது. மணிப்பூர் அரசர்களின் பழைய இருப்பிடம். 1891 போரில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது மக்கள் கைக்கு வரவில்லை, அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படை உள்ளே இருந்தது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் என்று 1958ல் வந்த சட்டத்தின்படி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்த வீரர்கள் மேல் வழக்கு நடத்த முடியாது.

2004 ஜூலை 10 இரவு தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அவர் வீட்டிலிருந்து அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் பிடித்துப் போனது. மறுநாள் குண்டுக் காயங்களோடு உடல் கிடைத்தது. தீவிரவாதி, தப்பி ஓடப் பார்த்தார், சுட்டோம் என்றது படை. பாலியல் வன்முறை நடந்தது என்றார்கள் ஊர் மக்கள்.

ஜூலை 15 காலை, காங்லாவின் வாசலுக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். நாற்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை வயது. பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. வாசலில் உடையைக் களைந்தார்கள். எங்களையும் வன்புணர்ச்சி செய்யுங்கள், நாங்கள் எல்லோரும் மனோரமாவின் அம்மாக்கள் என்று கத்தினார்கள். கையில் பிடித்த துணியில் ராணுவத்தின் பெயர் போட்டு அதையே எழுதியிருந்தார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது.

மணிப்பூரில் பெண்கள் தெருவுக்கு வருவது புதிதல்ல. 1904லும் 1939லும் ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் நடந்த போராட்டங்களுக்குப் 'பெண்கள் போர்' என்றே பெயர். இரவில் பந்தம் ஏந்திக் காவல் சுற்றும் மெய்ரா பைபி அம்மாக்களை எல்லாப் பேட்டையிலும் பார்க்கலாம். 2004க்கு நான்கு வருடம் முன்பு, மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையை கன்ஹைலால் இம்பாலில் நாடகமாகப் போட்டார். கடைசிக் காட்சியில் அவர் மனைவி சாவித்திரி, ராணுவ அதிகாரி முன் உடையில்லாமல் வந்து நின்றார். ஆபாசம் என்று அப்போது திட்டினார்கள். (நாமும் திட்டியிருப்போம், சந்தேகமில்லை.)

அந்த அம்மாக்களுக்குப் படப்பிரதி கிடைக்கவில்லை. பலருக்குச் சிறைதான் கிடைத்தது. ஆனால் ஆகஸ்டில் இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து அந்தச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பர் 20 அன்று பிரதமர் மன்மோகன் சிங் வந்து காங்லாவை மாநில அரசிடம் ஒப்படைத்தார். 113 வருடம் கழித்து!

இங்கே கொண்டாப்பூர் பக்கம் சலூன், ஹோட்டல் என்று எங்கே போனாலும் வடகிழக்குப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். "நேபாளமா?" என்றுதான் நம்மவர்கள் கேட்கிறார்கள். ஹைதராபாத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. சட்டத்தை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவின் தலைவர், ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜீவன் ரெட்டி. 2005 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று அதில் நேராகவே சொல்லியிருந்தார். அரசு எடுக்கவில்லை.

2023 மே மாதம் அதே மணிப்பூரில் ஒரு கும்பல் குக்கிப் பெண்களை உடையில்லாமல் ஊர்வலமாக இழுத்துப் போனது. ஜூலையில் வீடியோ வெளிவந்தபோது, 'அந்த ஊரில் இது வழக்கம்தானே' என்று இங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். தானாகக் களைந்தவர்களையும் களையப்பட்டவர்களையும் ஒரே வரியில் அவர் சேர்த்ததுதான் என்னை இதை எழுத வைத்தது.

மனோரமா குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் உத்தரவிட்டது. சட்டம், பின்னாளில் விலக்கப்பட்டிருந்த 6 காவல் நிலையப் பகுதிகளுக்கு 2024 நவம்பரில் திரும்ப வந்தது.