வினாவிடையும் பாலபாடமும்: யாழ்ப்பாணச் சைவப் பள்ளிகளில் அறக்கல்வி

யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிகளின் தோற்றத்தை மதமாற்றத்துக்கு எதிரான தற்காப்பாகக் காண்பதே வழக்கம். அது உண்மை, ஆனால் போதாது. ஆறுமுக நாவலர் (1822–1879) பள்ளிக்குள் கொண்டுவந்தது சைவத்தை மட்டுமன்று; சமயத்தைப் பாடமாக்கும் முறையையும்தான். அம்முறை பிள்ளைகளின் ஒழுக்கத்தில் எதைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது என்பது இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

திண்ணைப் பள்ளியில் அறத்துக்கெனத் தனிப் பாடவேளை கிடையாது. மணலில் அகரம் எழுதிய பிள்ளை அதே எழுத்து வரிசையில் ஆத்திசூடியையும் மனனம் செய்தது. சமய ஆசாரமோ வீட்டிலும் கோயிலிலும் பார்த்துப் பழகுவது. 1816இல் அமெரிக்க மிசன் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியபின் நிலைமை மாறியது. மிசன் பள்ளிகளில் சமயம் தனிப் பாடமாயிற்று. கேள்வி கேட்டு விடை சொல்லவைப்பது அதன் முறைகளுள் ஒன்று.

நாவலர் அதை உள்ளிருந்தே அறிந்தவர். வெசுலியன் மிசன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கு நூல் வேண்டும், நூலுக்கு அச்சு வேண்டும் என்பதால் அச்சுக்கூடத்தையும் நிறுவினார். அவருடைய சைவ வினாவிடை, உலகைப் படைத்தவன் யார் என்பதில் தொடங்கித் திருநீறு அணியும் முறைவரை செல்கிறது. எந்த விரல்களால் எடுப்பது, நிலத்தில் சிந்தாதிருக்க முகத்தை எப்படி நிமிர்த்துவது என எல்லாவற்றுக்கும் அதில் விடை உண்டு. தாயின் கையைப் பார்த்துப் பிள்ளை பழகியது அச்செழுத்தில் ஏறிவிட்டது. மிசன் பள்ளிப் பிள்ளையின் கேள்விக்கு முன் தலைகுனியாமல் நிற்கச் சைவப் பிள்ளைக்கு அது கொடுத்த துணிவு பெரிது. ஆனால் விடை சொன்னதும் கேள்வி முடிந்துவிடும். ஏன் என்று மேலும் கேட்க அந்த வடிவத்தில் இடமில்லை.

என் மதிப்பீட்டில் நாவலரின் அறக்கல்வி உயிரோடிருப்பது, பிள்ளைகளுக்கென அவர் எழுதிய வாசிப்பு நூல்களான பாலபாடங்களில்தான். நான்காம் பாலபாடத்தில் களவு, பொய், அழுக்காறு, கோபம், செய்ந்நன்றியறிதல் ஆகியவை தனித்தனி உரைநடைக் கட்டுரைகளாக வருகின்றன. தீமையைப் பெயரிட்டு விலக்கியதோடு அவர் நிற்கவில்லை. அது எதனால் வருகிறது, யாரைக் கெடுக்கிறது என்று காரணம் அடுக்கிச் சொல்கிறார். சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு எழுதிய அந்த நடை, சிறுவனும் தானே வாசித்துத் தொடரக்கூடிய வாதம். 1960–61இல் இலங்கை அரசு, உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபின்னும் சமயம் பாடமாகத் தொடர்ந்தது. மாணவர் தத்தம் சமயத்தைப் படித்துப் பரீட்சை எழுதுகின்றனர். அந்த வகுப்பறையில் பாலபாடத்தின் வாதத்தைவிட வினாவிடையின் வடிவமே ஓங்கி நிற்கிறது.

இரு நூல்களும் கேள்விக்கு உட்படுத்தாத இடம் சாதி. நாவலர் சாதி ஆசாரத்தை ஏற்றவர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளியில் இடமில்லை. இதைக் காலத்தின் குறை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை; அழுக்காற்றைப் பற்றி அத்தனை நுட்பமாக எழுதியவரின் பள்ளி அது. 1923இல் சு. இராசரத்தினம் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பள்ளிகளைப் பெருக்கியது. ஆனால் 1930ஐ ஒட்டி உதவிபெறும் பள்ளிகளில் சமஆசனம் கட்டாயமானபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்வதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். கிறித்தவப் பள்ளிகளும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. வேதபாடமும் சைவபாடமும் அங்கே ஒருசேரத் தோற்றன.

சமஆசனத்துக்குத் துணைநின்றது, ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். கிறித்தவரும் சைவரும் சேர்ந்திருந்த அவ்வியக்கம் சாதி பாராத சமபந்தி போசனத்தையும் நடத்தியது. அறக்கல்வியின் வரலாற்றைப் பாடநூல்களைக் கொண்டே எழுதினால், அந்தப் பந்திக்கு அதில் இடமே இராது.