ஊர் சுத்தி வீடு திரும்பிய லைசென்ஸ் சட்டம்

அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல 16 வயசுலயே கார் லைசென்ஸ் கிடைச்சுடும். அந்த வயசுக்காரங்கதான் விபத்துல அதிகமா மாட்டறாங்கங்கறதும் ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம். பள்ளிக்கூடத்துல நல்லா ஓட்டச் சொல்லிக் கொடுத்தா சரியாப் போயிடும்னு நம்பினாங்க.

நார்த் கரோலினா பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் இருந்த பட்ரீஷியா வாலர் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் வேறு மாதிரி யோசித்தார். அனுபவம் வகுப்பறையில வராது, ரோட்டுலதான் வரும். ஆனா அந்த அனுபவம் சேர்றதுக்குள்ள பையன் செத்துடக் கூடாதே! அதனால முதல்ல பக்கத்துல பெரியவங்க உட்காரணும், அப்புறம் பகல்ல மட்டும் தனியா, கடைசியாத்தான் ராத்திரி. புதுசா சேர்ந்த புரோகிராமருக்கு முதல் நாளே புரொடக்ஷன் சர்வர் பாஸ்வேர்டு கொடுப்போமா என்ன?

சொந்த ஊர்ல எடுபடலை. மேரிலாந்து 1979லும், கலிபோர்னியா 1983லும் இதுல கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. இதுக்கு நடுவுல ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுன்டியில் சுமார் 16,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பெரிய சோதனை. சிலருக்கு முழுப் பயிற்சி, சிலருக்கு சுருக்கமான பயிற்சி, சிலருக்கு ஒண்ணுமே இல்லை. முடிவு? பயிற்சியால விபத்து நிரந்தரமா குறையலை. நம்பிக்கை ஆட்டம் கண்டது.

முழு திட்டத்தையும் முதலில் சட்டமாக்கியது, உலகத்தோட இன்னொரு மூலையில இருக்கிற நியூசிலாந்து. 1987 ஆகஸ்ட் 1. அங்க அப்ப 15 வயசுலயே லைசென்ஸ்! ராத்திரி 10 மணியிலிருந்து காலை 5 வரை தனியா ஓட்டத் தடை, கூட்டாளிகளை ஏத்திக்கிட்டுப் போகவும் கட்டுப்பாடு. அங்கிருந்து கனடாவின் ஒன்டாரியோ (1994), பிறகு புளோரிடா (1996).

கடைசியா 1997 டிசம்பரில் நார்த் கரோலினா! பெரியவங்க துணையோட 12 மாசம், அப்புறம் 6 மாசம் ராத்திரி 9 முதல் காலை 5 வரை தனியா ஓட்டக் கூடாது. 1996ஐயும் 1999ஐயும் ஒப்பிட்டா, 16 வயசு ஓட்டுநர்களோட ராத்திரி விபத்து 43%, பகல் விபத்து 20% குறைஞ்சிருந்தது. உயிர்ப்பலி விபத்துகள் 57% குறைவு.

யாருடைய சாவியையும் பிடுங்கலைங்க. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தாங்க, அவ்வளவுதான். அதைச் செய்ய, யோசனை பிறந்த மாநிலத்துக்கே சுமார் கால் நூற்றாண்டு ஆச்சு. அந்த வருஷங்கள்ல ராத்திரி வீடு திரும்பாத பிள்ளைகளை நினைச்சாத்தான் மனசு கனக்குது. வாலர் 2003ல் காலமானார். அதுக்குள்ள பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவத்துல இதை ஏத்துக்கிட்டிருந்தன.