வாடகை உண்டு, தண்ணீர் எங்கே?

வாடகை வீடு பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நானும் திறந்து பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மதுரை அவனியாபுரம் பகுதியில் ஒரு மாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்தபோது, "மாநகராட்சி இணைப்புக்குப் பணம் கட்டியாயிற்று, ஒரு மாதத்தில் நல்ல தண்ணீர் வந்துவிடும்" என்றார் வீட்டு உரிமையாளர். பதினான்கு மாதங்கள் அங்கே குடியிருந்தேன். குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளித்து, குடிக்கவும் சமைக்கவும் குடக்கணக்கில் விலைக்கு வாங்கினோம். கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்பதே பதில். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் வரை பொறுத்திருந்து காலி செய்தோம். சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போது நான் தேடிப் பார்க்கவில்லை. பிறகு தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இருந்த வசதியை உரிமையாளர் நிறுத்துவது வேறு. தருவதாகச் சொன்ன வசதியைத் தராமலே இருப்பது வேறு. முன்னதற்குச் சட்டத்தில் நேரான வழி உண்டு. பின்னதற்கு, அந்த வாக்குறுதி எழுத்தில் இருக்கிறதா என்பதைப் பொருத்தே எல்லாம் அமையும்.

1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே, வாடகைதாரர் அனுபவித்து வரும் வசதிகளில் உரிமையாளர் குறுக்கிடக் கூடாது என்று 17-ஆவது பிரிவு கூறியது. அச்சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம், 2017. இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 20-ஆவது பிரிவின்படி, உரிமையாளரோ அவர் சார்பில் வேறு எவருமோ அத்தியாவசிய வழங்கலையும் சேவையையும் நிறுத்தி வைக்கக் கூடாது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, மின்தூக்கி, கழிவுநீர் வசதி ஆகியவை இதில் அடங்கும். வாடகைதாரர் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே வசதியைத் திரும்பத் தருமாறு இடைக்கால உத்தரவு இட முடியும். விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் எதிர்பார்ப்பு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே இச்சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் வாடகைத் தீர்ப்பாயமும் உண்டு.

காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. ஆனால் இச்சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை அடித்தளமாகக் கொண்டது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென அரசின் இணையதளமும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாக முன்வைப்பதில் சிக்கல் எழும். மதுரையில் என் உறவினர், நண்பர் வட்டத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தவர் ஒருவரையும் நான் அறியேன். பெரும்பாலோர் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதியவர்கள். அதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியேறியவர்களும் உண்டு. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாக்கி வீட்டைத் திரும்பக் கேட்கவும் உரிமையாளருக்கு இதே சட்டம் வழி தருகிறது. ஆகவே வாய்மொழியாகக் குடியிருப்பவர் தண்ணீருக்காக மனு கொடுக்கும் முன், அந்த மனு தன் குடியிருப்பையே கேள்விக்குள்ளாக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. பாதுகாப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களிடம்தான் பத்திரம் இருப்பதில்லை.

மின்சாரத்தைப் பொருத்தவரை நிலைமை சற்று நம்பிக்கை அளிக்கிறது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 43-ஆவது பிரிவில், உரிமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு வழங்க வேண்டும் என்கிறது. உரிமையாளரின் இசைவுக் கடிதத்தைத்தான் மின்வாரிய அலுவலகத்தில் முதலில் கேட்பார்கள். அவர் தர மறுத்தால், சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கான சான்றையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் கொடுத்து, இரு மடங்கு வைப்புத்தொகை கட்டி இணைப்புப் பெறத் தமிழ்நாட்டு மின் பகிர்மான விதிகள் இடம் தருகின்றன. இசைவு கேட்பதற்குப் படிவம் 5, அது கிடைக்காதபோது படிவம் 6. மின்சாரம் அடிப்படை வசதி. உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்கக் கூடாது என்று 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்பதைத்தான் மின் வழங்கும் அமைப்பு பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தனி இணைப்பு இல்லாத வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்களுக்கு உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என உரிமையாளர் தாமே விலை நிர்ணயிப்பார். பயன்பாடு கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும் என்பதால், மூன்று குடும்பங்களின் பயன்பாடு ஒன்றாகச் சேரும்போது எல்லாருக்குமே சுமை கூடுகிறது. 2016-இல் அறிவிக்கப்பட்ட, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் இணைப்புக்கு ஒன்றுதான்; குடும்பத்துக்கு ஒன்றன்று. தனி மீட்டர் தருவதாகச் சொல்லும் உரிமையாளரிடம், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

தண்ணீரில் அவ்வளவு எளிதான வழி இல்லை. மாநகராட்சியில் குடிநீர் இணைப்புக் கேட்டால், நடைமுறையில் உரிமையாளர் பெயரிலுள்ள சொத்துவரி ரசீது தேவைப்படும். வரி பாக்கியிருந்தால் விண்ணப்பம் நகராது. என் உரிமையாளரின் "அடுத்த வார"த்துக்குப் பின்னால் அத்தகைய பாக்கிதான் இருந்தது என்பதைக் காலி செய்த பிறகே அறிந்தேன். நூறு வார்டுகளாக விரிந்த மாநகராட்சியில், பின்னாளில் சேர்க்கப்பட்ட பகுதிகளில் குழாய் பதிக்கும் பணி தெருத்தெருவாகத்தான் நடந்து வந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரைக் குழாய் வழியே மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் என்ற அளவில் வகுக்கப்பட்டது. தெருவுக்கே குழாய் வராத இடத்தில் உரிமையாளரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. தெருவில் குழாய் ஓடியும் வீட்டுக்குள் வராவிட்டால்தான் அவர் பொறுப்பு.

பழுதுகளுக்கு வருவோம். யார் எதைச் சீர்செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. குழாய்களை மாற்றுவதும் மின்கம்பி வேலையும் உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்சு போன்ற சில்லறைப் பழுதுகள் வாடகைதாரரைச் சேர்ந்தவை. உரிமையாளர் மறுத்தால் வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். சட்டம் நகர்ப்புறத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், மாநகர எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் குடியிருப்பவர்கள் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் உரிய காலத்தில் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரர் செய்து செலவை வட்டியுடன் கழிக்கலாம் என்கிறது அதன் 108-ஆவது பிரிவு. அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். சென்று சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புவது நல்லது. கடைக்காரர் தந்த ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான வழி. இரண்டு மாத வாடகை பாக்கி வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. வழக்கு அன்றோடு தண்ணீரை விட்டு வாடகைக்குத் தாவிவிடும். உரிமையாளர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

மதுரையில் இன்னொரு கவலை ஒத்தி. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருக்கும் முறை இது. கழித்துக்கொள்ள வாடகையே இல்லாததால் ஒத்திக்காரரிடம் எந்தப் பிடியும் இருப்பதில்லை. தண்ணீர் வராவிட்டாலும், கொடுத்த பணம் திரும்பும் வரை வீட்டை விட்டுப் போக முடியாது. சட்டத்தின் பார்வையில் இத்தகைய ஏற்பாடு அனுபவ அடமானமாகவும் கொள்ளப்படலாம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்குப் பதிவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. பல லட்சம் ரூபாயைப் பதிவற்ற தாளில் நம்பிக் கொடுப்பவர்களை இன்றும் காண்கிறேன். சாதாரண வாடகைக்கோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குபவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு அங்கே இலவச உதவி உரிமையாகவே கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

இப்போது நான் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு ஒரு மாதத்துக்குள் தரப்படும், தவறினால், தரும் வரை தண்ணீர்ச் செலவு வாடகையில் கழித்துக்கொள்ளப்படும். உரிமையாளர் இரண்டு முறை படித்தார். "ஒரு மாதம்" என்பதை அடித்து "மூன்று மாதம்" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.