அச்சத்தின் பரவல்: அல்பேர்ட்டும் பீற்றரும்

கற்றுக்கொண்ட அச்சம் கற்ற பொருளோடு நின்றுவிடுவதில்லை. அதனை ஒத்த பிறவற்றுக்கும் பரவுகின்றது. ஓர் ஒலிக்கு உமிழ்நீர் சுரக்கப் பழக்கப்பட்ட நாய், அதற்கு அண்மித்த ஒலிகளுக்கும் சுரப்பதை ருஷ்ய உடலியலறிஞர் பாவ்லொவ் முன்னரே கண்டிருந்தார். மனித மெய்ப்பாடுகளுக்கும் இது பொருந்துமா என்னும் வினாவை எழுப்பி, பால்ற்றிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் வாட்சனும் றொசாலி றெயினரும் நடாத்திய பரிசோதனை 1920இல் வெளிவந்தது.

அல்பேர்ட் என அவர்கள் குறிப்பிட்ட குழந்தைக்கு அப்போது வயது 11 மாதம். வெள்ளை எலியை அது முன்னர் அஞ்சியதில்லை. எலியைத் தொட முற்பட்டபோது குழந்தையின் பின்புறம் உருக்குச் சட்டமொன்று சுத்தியலால் ஓங்கி அடிக்கப்பட்டது. ஒரு வார இடைவெளியில் இரு நாட்களிலுமாக 7 முறை எலியும் ஒலியும் இணைக்கப்பட்டன. அதன்பின் எலியைக் கண்ட மாத்திரத்திலேயே குழந்தை அழுது, தவழ்ந்து விலகிற்று. ஐந்து நாட்கள் கழிந்து முயலைக் காட்டியபோதும் அழுதது. நாய், மென்மயிர் மேலங்கி, நத்தார்த் தாத்தாவின் முகமூடி ஆகியனவும் அதற்கு ஒவ்வாதனவாயின. விளையாட்டு மரக்கட்டைகளை மட்டும் முன்போல விரும்பி எடுத்தது. வாட்சனின் தலைமயிரை வெறுத்த அக்குழந்தை, உடனிருந்த ஏனையோரின் தலைமயிரோடு விளையாடிற்றாம். ஒப்புமை ஒன்றே அச்சத்தின் வழியைத் தீர்மானிக்கவில்லை போலும்!

பாடநூல்கள் பல இதனை ஐயத்துக்கிடமற்ற வெற்றியாக எடுத்துரைத்தன. அவற்றின் திரிபுகளை 1979இல் பென் ஹரிஸ் வெளிக்கொணர்ந்தார். சோதிக்கப்பட்டது ஒரே குழந்தை. அன்றியும், பிந்திய அமர்வொன்றில் முயலும் நாயுமே அவ்வொலியுடன் நேரடியாக இணைக்கப்பட்டன. ஆதலின் ஒரு மாதத்தின் பின் அவற்றின்பாற் காணப்பட்ட அச்சத்தைப் பரவலுக்குச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

இவற்றினும் பாரதூரமானது, அச்சத்தை விதைத்தோர் அதனைக் களையாது விட்டமையாகும். குழந்தை மருத்துவமனையை விட்டு விரைவில் நீங்கவிருந்தமையால் இறுதிச் சோதனைக்கு ஒரு மாதத்துக்கு மேற் காத்திருக்க இயலவில்லை என அவர்களே எழுதினர். அந்த ஒரு மாதம் அச்சம் நிலைக்கின்றதா என அளப்பதற்கே செலவாயிற்று, நீக்குவதற்கு அன்று.

நீக்கலாம் என்பதை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் காட்டினார். மூன்று வயதை அண்மித்த பீற்றர் முயலுக்கு மட்டுமன்றி, மென்மயிர் அங்கி, இறகு, பஞ்சு என்பவற்றுக்கும் அஞ்சினான். அவன் விரும்பிய உணவை உண்ணுகையில் முயல் சிறிது சிறிதாக அண்மையிற் கொணரப்பட்டது. அதற்கு அஞ்சாத பிள்ளைகளும் சில வேளைகளில் உடனிருத்தப்பட்டனர். ஈற்றில் அவன் முயலை அன்போடு வருடினான். பஞ்சையும் இறகையும் மேலங்கியையும் கண்டு அஞ்சுவதும் அத்துடன் ஒழிந்தது.